சீமைக் கருவேலமும் நமது பேச்சும்
(யூபிலி விழாக் கருத்தரங்கில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டின் நற்பணியாக, நம் ஊர்க் கண்மாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை அகற்ற முடிவு செய்துள்ளோம். அரிவாளை எடுக்குமுன், ஊராரிடம் எவ்வாறு பேசப் போகிறோம் என்று சற்றுச் சிந்திப்போம்.

மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளுக்குரிய இம்மரம், வறண்ட நிலத்துக்கு உதவுமென 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம்மவருள் இதை 'வேலிக்காத்தான்' என்பாரும் உண்டு. கட்ச் பகுதி மக்களுக்கோ இது 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக்கார வேலம். ஒரு பெயரில் நன்றி, மற்றதில் சலிப்பு.

கென்யாவின் பாரிங்கோ பகுதியில், இதன் இனிப்பு நெற்றுகளைத் தின்ற ஆடுகள் பற்களை இழந்தன. அம்மக்கள் அரசின்மீது வழக்குத் தொடுத்து, 2006-இல் பல்லில்லாத ஆடொன்றை நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றனர். மேய்ப்பவர் மொழியில் அதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன?

நம் இராமநாதபுரச் சீமையிலோ கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது, விவசாயி மகிழலாம். கரி சுடுபவர் கலங்காதிருப்பாரா? அவரிடம் போய் 'இது நச்சு மரம்' என்று முழங்கினால், அவர் சோற்றுப் பானையைப் பழிப்பதாகவே அவருக்குப் படும்.

எனவே மூன்றை மனத்தில் கொள்வோம். முதலாவது, பேசுமுன் கேட்போம். ஆட்டுப் புழுக்கை வழியே விதை பரவுவதை ஆடு மேய்ப்பவரும், வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்ப்பதை விறகு வெட்டுபவரும் நம்மினும் நன்கறிவர். இரண்டாவது, 'அந்நிய மரம்' என்று தூற்றாதிருப்போம். நம் குண்டு மிளகாயின் பூர்வீகமும் அமெரிக்காவே! அயலிலிருந்து வந்தது குற்றமன்று. பிறவற்றை வாழவிடாமல் நெருக்குவதே குற்றம். மூன்றாவது, மாற்று வழியோடு செல்வோம். கண்மாயில் மட்டும் வேரோடு அகழ்ந்து, கட்டையைக் கரி சுடுவோருக்கே அளித்து, அவ்விடத்தில் நாட்டுக் கருவேலம் நடுவோம்.

தமிழக அரசும் 2022-இல் இத்தகைய தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டுள்ளது. ஆனால் கொள்கையை வீடு வீடாகக் கொண்டு செல்வது நாவன்றோ? எந்த வீட்டு அடுப்பும் அணையாமல் கண்மாய் நிறையட்டும்.