மாற்று மட்டையாளர்

கிரிக்கெட் வருணனையில் ‘பிஞ்ச் ஹிட்டர்’ என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். விரைவாக ரன் குவிப்பதற்காக வரிசையில் முன்னே அனுப்பப்படும் மட்டையாளரை அது குறிக்கும். இச்சொல் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வேறு. நெருக்கடியான வேளையில் மற்றொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க வருபவரே பிஞ்ச் ஹிட்டர்.

இதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. யாருக்குப் பதிலாக அவர் வருகிறாரோ, அந்த ஆட்டக்காரர் அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது. பந்தெறிபவர்களுள் பலர் மட்டை பிடிப்பதில் வல்லவரல்லர். ஆதலால் அவர்களுக்கே பெரும்பாலும் மாற்றாள் தேவைப்பட்டார். நன்றாக எறிந்துகொண்டிருப்பவரை ஒரு ரன்னுக்காக இழக்கலாமா என்பதே மேலாளருக்கு எழுந்த சங்கடம்.

மாற்றாளின் நிலையோ அதனினும் கடினம். மற்றவர்களுக்கு ஓர் ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புகள் கிடைக்கும், இவருக்கு ஒன்றே. நெடுநேரம் பலகையில் அமர்ந்திருந்துவிட்டு, உடல் சூடேறாத நிலையில், முழு வேகத்துடன் வரும் பந்தைச் சந்திக்க வேண்டும்.

1988 அக்டோபர் 15 அன்று, உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி, ஓக்லண்ட் அணியிடம் 3-க்கு 4 என்று பின்தங்கியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் தோல்வி. அந்நேரத்தில் இரு கால்களிலும் காயமுற்றிருந்த கிர்க் கிப்சன், பந்தெறிபவருக்குப் பதிலாக நொண்டியபடியே களம் புகுந்தார். டென்னிஸ் எக்கர்ஸ்லி எறிந்த பந்தொன்றைப் பார்வையாளர் வரிசைக்குள் அடித்து அனுப்பினார். தளத்தில் நின்றிருந்தவரும் அவரும் ஓடி முடிக்க, 5-க்கு 4 என்று வெற்றி கிட்டியது. அத்தொடரில் கிப்சன் மட்டை பிடித்தது அந்த ஒரே முறைதான். தொடரையும் டாட்ஜர்ஸ் அணியே வென்றது.

இத்தகைய வெற்றி அரிது. மாற்று மட்டையாளராக 212 முறை வெற்றிகரமாக அடித்துச் சாதனை படைத்த லென்னி ஹாரிஸுக்கும், வெற்றியினும் தோல்வியே மிகுதி. ஆயினும் அடுத்த அழைப்புக்கு அவர் ஆயத்தமாகவே இருந்தார்.

பந்தெறிபவருக்கென நிலையான மட்டையாளர் ஒருவரை வைக்கும் முறையை அமெரிக்கன் லீக் 1973-இல் ஏற்றது. நேஷனல் லீக் 2022-இல் அதை நிலையாக்கிற்று. அதன்பின் மாற்றாளுக்கு வேலை குறைந்தது; ஆனால் அற்றுப்போகவில்லை. இறுதி இன்னிங்ஸில் ஒரு ரன் வேண்டும்போது மேலாளரின் கண்கள் இன்றும் அந்தப் பலகையையே நாடுகின்றன.