சிரிக்க வைக்கும் யோசனைகளும் நம்முடைய கணக்கும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் பிரிவுத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



தேயிலையைக் கொடுத்து எண்ணெய்க் கடனை அடைக்கலாம் என்று யாராவது பெரட்டில் நின்று சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். ஆனால் 2021 டிசம்பரில் நமது அரசாங்கம் ஈரானுடன் அப்படித்தான் உடன்பாடு செய்தது. 2012 இல் வாங்கிய எண்ணெய்க்குக் கட்ட வேண்டியது 251 மில்லியன் டொலர். கையில் டொலர் இல்லை. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்புவது, இங்குள்ள ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் பணம் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். நாம் எடுத்த கொழுந்து டொலருக்குப் பதிலாகப் போனது.

இது புதிதும் அல்ல. 1952 இல் அரிசிக்குத் தட்டுப்பாடு, இறப்பருக்கோ விலை இல்லை. கம்யூனிஸ்ட் என்றாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் சீனாவுடன் ஒப்பந்தம் செய்தது. வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது, ஐந்து வருடத்துக்கு. அமெரிக்கா கோபித்துக்கொண்டது. ஆனால் இறப்பருக்குச் சந்தை விலையை விடக் கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஏற்பாடு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 30 வருடம் ஓடியது.

இன்னொன்று நம்முடைய பாட்டன் பாட்டிமார் காலத்தது. குறைவாக விற்றால் கூடுதலாக வருமானம் வரும் என்றார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். 1933 இல் இலங்கை, இந்தியா, டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஒன்றுகூடி ஏற்றுமதியை 15 வீதம் வெட்டின. விலை ஏறியது. தோட்டங்கள் தப்பின. ஆனால் அதற்கு முந்திய மந்த காலத்தில் குறைந்தபட்சச் சம்பளம் வெட்டப்பட்டதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்குத் திரும்பியதும் நம் வீட்டுக் கதைகளில் இருக்கிறது. யோசனை வேலை செய்தது உண்மை. விலை விழுந்தபோது அடி வாங்கியது யார் என்பதும் உண்மை.

இதையெல்லாம் இன்று சொல்வதற்குக் காரணம், கம்பனிகள் கொண்டுவரும் வருமானப் பங்கீட்டு முறை. நாட்சம்பளம் வேண்டாம், இத்தனை தேயிலைச் செடியை உங்கள் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும், எடுக்கும் கொழுந்தைக் கிலோ கணக்கில் ஸ்டோருக்குக் கொடுங்கள், நீங்களும் பங்காளிதான் என்கிறார்கள். பெரட்டுக்கு நிற்கும் நாம் பங்காளியா என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துத் தள்ள வேண்டிய யோசனை அல்ல இது. இந்த நாட்டுத் தேயிலையில் பாதிக்கும் மேல் சிறுதோட்டக்காரர் கொழுந்திலிருந்துதான் வருகிறது. சம்பளமில்லாமல் கொழுந்து விற்று வாழ முடியும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அவர்களுக்குக் காணி சொந்தம். ஸ்டோர் விற்கும் தேயிலையின் விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. நமக்கு நீட்டப்படும் பத்திரத்தில் அப்படி ஒரு வீதம் எழுதியிருக்கிறதா? அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பனி சொல்வதுதான் விலையா? தராசு யாருடைய கையில்? உரம், மருந்து, கவ்வாத்துச் செலவு எந்தப் பக்கத்தில் கழியும்?

2021 இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 250 மில்லியன் அளவுக்கு விழுந்தது. கொழுந்து இல்லாவிட்டாலும் பேர் போட்டால் நாட்சம்பளத்தைக் கேட்டு வாதாட நமக்கு வழி இருந்தது. பங்காளியாக இருந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? செடியிடமா?

சேமலாப நிதியைச் சொல்லாமல் விட முடியாது. நமது 8 வீதத்தோடு கம்பனி 12 வீதம் போடுகிறது, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனியாக. நாம் தொழிலாளி என்பதால்தான் அது. பங்காளி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பணத்தையும் சேவைக்காலப் பணத்தையும் கொடுக்கத் தேவையில்லை என்று நாளைக்குச் சொல்லலாம். லயத்து வீட்டுக்கும் அதே பேச்சு வரலாம்.

காணிக்கு உறுதியும், எழுத்தில் 68 வீதமும், சேமலாப நிதியும் சேர்ந்து வந்தால் நாம் உட்கார்ந்து பேசத் தயார். அது இல்லாத பத்திரம் எந்தத் தோட்டத்துக்கு வந்தாலும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் பிரதி கேளுங்கள். அதைத் தோட்டக் கமிட்டியில் வாசித்துப் பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.