லோகம்மீ என்னும் பெயர்

கி. மு. 8-ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் வாழ்ந்த ஓசியா தீர்க்கதரிசி, தம் மகளுக்கு 'லோருகாமா' என்றும், இளைய மகனுக்கு 'லோகம்மீ' என்றும் பெயரிட்டார். முன்னதற்கு இரக்கம் பெறாதவள் என்று பொருள்; பின்னதற்கு என் ஜனமல்ல என்று பொருள். தாய் பிள்ளையை அழைக்கும்போதெல்லாம் ஊருக்குரிய தீர்ப்பும் ஒலிக்கும்.

பதுளையிலும் ஊவாத் தோட்ட லயங்களிலும் பெற்றோர் தம் மக்களுக்கு இனிய பெயர்களையே சூட்டினர். ஆயினும், 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப்பலர்மேல் 'நாடற்றோர்' என்னும் பெயர் விழுந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பின்னைக்கு விட்டது. 2003-ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை நல்கியது.

ஓசியாவின் நூலிலும் அப்பெயர் நிலைக்கவில்லை. 'அல்ல' எனப் பொருள்படும் முன்னெழுத்து நீங்க, 'அம்மீ', அதாவது 'என் ஜனம்', என்றாயிற்று. பெயரிட்டவரே அதனை மாற்றவும் கடமைப்பட்டவர்.