மாடியில சோலார் போடலாமா? வாடிப்பட்டி வீட்டுக் கணக்கு

இந்த வாரம் டெக் இல்ல, வீட்டுக் கணக்கு.

போன ஏப்ரல்ல வாடிப்பட்டிக்குப் போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: மதுரையில இருந்து திண்டுக்கல் போற வழியில, சிறுமலைக்கு இந்தப் பக்கம், எங்க ஊரு. பையைக் கீழ வைக்கல, அப்பா ஒரு கொட்டேஷனை நீட்டிட்டாரு. "நீ இன்ஜினியர்தான, இது கட்டுமானு பாத்துச் சொல்லுப்பா." நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஊருல அதெல்லாம் கணக்கு இல்ல, இன்ஜினியர்னா மிக்ஸியில இருந்து ராக்கெட் வரைக்கும் தெரியணும்.

3 கிலோவாட், 2 லட்சம். 2024 பிப்ரவரியில வந்த மத்திய அரசோட சூரிய வீடு திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000 மானியம். ஆக 78,000. அதுக்கு மேல எவ்வளவு பெருசாப் போட்டாலும் அதே 78,000தான். மானியம் போக நம்ம கையில இருந்து 1,22,000. அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்துல மிச்சம் இருக்கறதுல அது பெரிய துண்டு.

நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியா 4 யூனிட் தரும். 3 கிலோவாட்னா 12 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 720. மதுரை வெயிலுக்கு இன்னும் கொட்டும்னு நினைக்காதீங்க. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. சூடேற ஏற உற்பத்தி குறையத்தான் செய்யும்.

எங்க வீட்டு பில்லைப் பாத்தேன். ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட். 100 யூனிட் இலவசம், 500க்குள்ள இருக்கறதால மிச்சத்துக்கும் சலுகை, ஆக 1,100 ரூபாய் கிட்ட. வருஷத்துக்கு 6,500. போட்ட காசு திரும்ப 19 வருஷம் ஆகும். அப்பாவுக்கு வயசு 63.

"கட்டாதுப்பா"னுட்டேன்.

எதிர் வீட்டுச் சித்தப்பா உடனே அவரு பில்லைக் கொண்டு வந்தாரு. ரெண்டு ஏசி, 900 யூனிட். தமிழ்நாட்டுல யூனிட் ஏற ஏற விலையும் ஏறும்: 400 வரைக்கும் அஞ்சு ரூபாய்க்குள்ள, 600 தாண்டினா ஒன்பதுக்கு மேல. சோலார் கழிக்கறப்போ அந்த விலை ஜாஸ்தியான மேல் யூனிட்தான் முதல்ல போகும். அவருக்கு இப்போ பில் ஆறாயிரம் கிட்ட. 720 கழிஞ்சு 180 யூனிட்னு வந்தா 200 ரூபாய் கூட இல்ல. நாலு வருஷத்துல காசு திரும்பிடும். ஒரே தெரு, ஒரே வெயில். சித்தப்பாவுக்கு லாபம், அப்பாவுக்கு நஷ்டம். எக்ஸெல் ஷீட்டை மூடிட்டேன்.

அன்னைக்கு ராத்திரிதான் பிடிச்சுது சனி. 2022ல நான் வாங்கிக் கொடுத்த ஏசிக்கு அம்மா பழைய சேலைத் துணியில உறை தச்சுப் போட்டிருக்காங்க. தரையில தண்ணி தெளிச்சுட்டு ஃபேனுக்கு அடியில படுத்திருக்காங்க. "ஏசி போட்டா ஐநூறு தாண்டிரும்டா."

அந்த 380 யூனிட் அவங்க தேவை இல்லைங்க. அவங்க அடக்கி வச்சிருக்கறது. நான் அதை வச்சுத்தான் 'கட்டாது'னு தீர்ப்பு சொல்லியிருந்தேன்.

மறுபடி போட்டேன். கோடையில ராத்திரிக்கு 8 யூனிட் ஏசிக்குன்னு வச்சா மொத்தம் 860. பில் ஐயாயிரத்து ஐநூறு கிட்ட வரும். ஏசி ராத்திரி, வெயில் பகல்ல, பரவாயில்லையானு கேப்பீங்க. பகல்ல நாம வெளிய அனுப்பற யூனிட்டை மீட்டர் தனியா எண்ணி, ராத்திரி எடுத்ததுல கழிச்சுடும். வருஷத்துல மூணு பில்லுக்கு ஏசி ஓடினா 6 வருஷம் சொச்சத்துல காசு திரும்பும்.

ஆனா இதுல ஒரு ஏமாத்து இருக்கு. அவங்க இப்போ கட்டாத பில்லை நான் 'சேமிப்பு'னு எழுதறேன். நேர்மையாப் பாத்தா, ஏசிக்கு ஆகற கூடுதல் பில் வருஷத்துக்கு 13,000 ரூபாய்தான். சோலாருக்குப் போடற காசுல 9 வருஷம் அந்த பில்லையே கட்டலாம். சரி, நானே கட்டறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். "உன் காசு மட்டும் ஓசியில வருதா?" முடிஞ்சுது. யார் கட்டினாலும் அவங்க மீட்டரைத்தான் பாப்பாங்க. மாடியில பேனல் இருந்தா பாக்க மாட்டாங்க. இந்த வித்தியாசத்துக்கு எக்ஸெல்ல காலம் கிடையாது.

அப்பா சோலார் கேட்டதுக்குக் காரணமே வேற, கரண்ட் கட். அது நடக்காதுனு விற்க வந்தவர் சொல்லவே இல்ல. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட்ல லைன் போனா இன்வெர்ட்டர் தானே நின்னுடும். இல்லேன்னா நம்ம மாடிக் கரண்ட் லைனுக்குள்ள போய், கம்பத்துல வேலை பாக்கறவரைத் தாக்கும். நல்ல வெயில் அடிக்கும், வீட்டுல ஃபேன் சுத்தாது. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

கடைசியில, பாதி நான் போடறேன், வைக்கலாம்னு முடிவாச்சு. சேமிப்புக்கு இல்ல, அந்த உறையைக் கழட்டறதுக்கு. பக்கத்து வீட்டுத் தென்னை மூணு மணிக்கு மேல நிழல் போடறதால பேனலைக் கிழக்கே தள்ளி வைக்கச் சொல்லியிருக்கோம்.

இன்னும் விண்ணப்பம் போடல. ஈ.பி. இணைப்பு தாத்தா பேருல இருக்கு, தாத்தா போய் 11 வருஷம் ஆச்சு. அப்பா வாரிசுச் சான்றிதழைத் தேடிப் பீரோவைக் கிளறிட்டு இருக்காரு. உங்க வீட்டு இணைப்பு யார் பேருல இருக்குனு இன்னைக்கே பாத்து வச்சிருங்க. அடுத்த வாரம் பாப்போம்.