பால்பல்லும் பற்பசையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பற்றிப் பேச இம்மேடைக்கு அறிஞர் பலர் வந்துள்ளனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குச் செயலாளர் அவர்கள் ஒதுக்கிய பொருள், குழந்தைகளுக்கு ஏற்ற பிரஷும் பற்பசையும். முன்வரிசையில் சிலர் நகைக்கின்றனர். நகைக்குங்கால் பல் தெரிகிறது. ஆதலின் இதனையே நல்ல தொடக்கமாகக் கொள்கிறேன்.

என் இளைய மகளுக்கு ஏழு வயதாயிருந்தபோது ஓரிரவு கீழ்க் கடைவாயில் பல்வலி கண்டது. "விழப்போகிற பால்பல்தானே" என்று கிராம்பு எண்ணெய் தடவிப் படுக்கவைத்தேன். வலி போவதும் வருவதுமாக மூன்று வாரம் கழிந்தது. கன்னம் வீங்கிய பின்னரே பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மராத்திய அம்மையார். வாயைப் பார்த்துவிட்டு, "இது விழுகிற பல் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று இந்தியில் வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அது நிலைப்பல். ஆறு வயதளவில், பால்பல் எதனையும் தள்ளாமல், வரிசைக்குப் பின்னால் ஓசையின்றி முளைப்பது. அதனைப் பிடுங்க நேர்ந்தது. அவ்விடத்தில் இனி வேறு பல் முளைக்காது. அவள் இன்றும் இடப்பக்கத்தாலேயே மெல்லுகிறாள்.

"வீட்டில் எப்படிப் பல் துலக்குகிறீர்கள்?" என்று அம்மையார் அடுத்துக் கேட்டார். ஒரே குவளையில் ஐந்து பிரஷ்கள், ஐந்தும் பெரியவர்களுக்கு உரியவை. விளம்பரத்தில் காண்பதுபோல் பிரஷின் நீளம் முழுவதும் பசை. காலையில் குழாய்த் தண்ணீர் நின்றுவிடும் என்ற அவசரத்தில் அரை நிமிடத் துலக்கல். இத்தனையும் பிழை என்று அன்றுதான் அறிந்தேன்.

முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டி, கீழ்த்தாடையின் முன்புறத்தில் தோன்றும். அன்றிலிருந்தே துலக்குதல் வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு தலையும் மிக மெல்லிய இழையும் உள்ள பிரஷ் போதும். இரண்டரை வயதளவில் பால்பற்கள் இருபதும் நிறைந்துவிடும். மூன்று முதல் ஆறு வயது வரை தலை சிறிதாகவும் பிடி பருமனாகவும் இருத்தல் நலம். சிறு கை மெல்லிய பிடியை இறுகப் பற்றாது. குழந்தை தானே துலக்க ஆசைப்பட்டால் துலக்கட்டும். ஆனால் ஏழு எட்டு வயது வரை தாயோ தந்தையோ பின்னர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். கடையில் "கடினம்" என்று எழுதிய பிரஷை எவ்வயதினருக்கும் வாங்காதீர். இழை விரிந்துவிட்டால், மூன்று மாதம் ஆகாவிடினும், மாற்றிவிடுக.

நைலான் இழைப் பிரஷ் அமெரிக்காவில் 1938இல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி மயிரே பெரிதும் பயன்பட்டது. நம் பாட்டிமார் பிரஷைத் தொட மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்! ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. அன்று வீட்டில் பிஸ்கட்டும் மிட்டாயும் இத்துணை மலிந்திருக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

இனிப் பசை. பினாக்கா பெட்டிக்குள் கிடைத்த பிளாஸ்டிக் விலங்குகளை என் அண்ணன் சேர்த்து வைத்திருந்தார். பொம்மையைக் கண்டு பசை வாங்கிய காலம் அது. இன்று கார்ட்டூன் படத்தைக் கண்டு வாங்குகிறோம். பார்சல் சீட்டின் பொடியெழுத்தைப் படித்தே கண் பழகியவன் நான். நீங்களும் குழாயின் பின்புறத்தைப் படியுங்கள். ஃபுளோரைடு எவ்வளவு என்று அங்கே அச்சிட்டிருக்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி அது பத்து இலட்சத்தில் 1000 பங்குக்கு மேற்படலாகாது. அதனினும் மிகக் குறைந்த அளவுள்ள குழந்தைப் பசைகள் சொத்தையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆதலால் பசையை மாற்றுவதினும் அளவைக் குறைப்பதே தகும்: மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணியளவு. துப்பக் கற்பிப்பது அவசியம். துப்பிய பின் நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தல் வேண்டா.

ஏன் இத்தனை கணக்கு? ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் ஆண்டுகளில் ஃபுளோரைடு மிகுதியாக வயிற்றுக்குள் சென்றால் பல்லில் வெண்புள்ளியும், மிகின் பழுப்புக் கறையும் தோன்றும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரே அக்கேட்டைச் செய்தது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் பொருட்டே வந்தது. மும்பையில் நாம் குடிப்பது தான்சா, வைதரணா, பாத்சா முதலிய ஏரிகளின் நீர். இங்கே அவ்வச்சம் இல்லை. அம்மாவட்டங்களைச் சேர்ந்தோர் கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது கிணற்று நீரைவிட்டுக் குழாய் நீரையே குழந்தைக்குக் கொடுங்கள்.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்நாட்டுப் பெண்டிர் சிலர் மிஷ்ரி என்னும் வறுத்த புகையிலைத் தூளைப் பல்லில் தேய்ப்பர். சாலில் வாழும் நம் பெண்களிற் சிலரும் பல்வலிக்கென்று அதனைக் கற்றுக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை அரசு 1992இலேயே தடைசெய்துவிட்டது. வீட்டில் வறுப்பதைத் தடுக்க யாரால் இயலும்? பாட்டியின் டப்பா பேத்தியின் கைக்கு எட்டாதிருக்கட்டும். உமிக்கரியும் செங்கற்பொடியும் புகையிலை போன்ற நஞ்சல்ல. எனினும் பல்லின் மேற்பூச்சை அராவிவிடும்.

காலையில் தண்ணீருக்காக ஓடும் வீடுகளில் இரவுத் துலக்கலையே பெரிதாகக் கருதுங்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் சொத்தைக்கு அதுவே வாய்ப்பான நேரம். துலக்கிய பின் பால் புட்டியை வாயில் வைத்து உறங்கவிடலாகாது.

இன்றிரவு வீடு சென்றதும் ஆறு வயதையொட்டிய உங்கள் குழந்தையை விளக்கருகே அமர்த்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பால்பல் ஐந்துதான். ஆறாவதாக ஒன்று தலைகாட்டினால், பிரஷைக் குறுக்காகச் சாய்த்து அதன் மேற்பரப்பில் படுமாறு நீங்களே துலக்கிவிடுங்கள்.