மீட்டரைப் படித்தேன், விநாடியைப் படிக்கவில்லை
(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலை அனுபவத்தைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். அனுபவம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரிக் கதை இருக்கிறது. அது பங்குனி, சித்திரை மாதங்களில் கடலோரத்துக்குத் தரப்படும் வானிலை முன்னறிவிப்பு சம்பந்தப்பட்டது. அதையே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூண்டில் வளைவு போடும் வேலை. கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி நீட்டுவோமே, அதுதான். சைட்டுக்கு நான்தான் பொறுப்பு. தினமும் காலையில் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைப் பிரித்துக் கொடுப்பேன். அந்த விஷயத்தில் நான் ஒழுங்கானவன் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு.

இங்கே ஒரு விளக்கம். கடலோரத்தில் இருப்பவனுக்கு முன்னறிவிப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வானிலை ஆய்வு மையம் சொல்வது: வானம், மழை, வெயில், காற்று. மற்றொன்று ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் சொல்வது: அலை, நீரோட்டம். 1999-ல் தொடங்கிய இந்த மையத்தை 'இன்காய்ஸ்' என்பார்கள். முதலாவதை எல்லோரும் கேட்கிறோம். இரண்டாவதை மீன்பிடிக்கப் போகிறவர்களும் துறைமுகத்துக்காரர்களும் கேட்டால் உண்டு.

அன்றைக்கு முதல் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. வானம் தெளிவு, லேசான காற்று, மழை கிடையாது. இரண்டாவது அறிக்கையில் உயர் அலை எச்சரிக்கை இருந்தது. அலையின் உயரம் ஒன்றரை மீட்டர் வரை, அலைக்காலம் 16 விநாடி. படித்தேன். ஒன்றரை மீட்டர்தானே, ஆடி மாதத்தில் இதைப்போல இரண்டு மடங்கு பார்த்திருக்கிறோமே என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை முடியும் நேரம். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், எங்கள் ஆட்கள் 'பாட்டா' என்று கூப்பிடுவார்கள், வலையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "மக்களே, அலை நேரமெடுத்து வருது. மிஷினை மேல ஏத்திப் போடு" என்றார். கடலைப் பார்த்தேன். குளம் மாதிரி கிடந்தது. "ஒண்ணும் ஆகாது பாட்டா, காத்தே இல்லையே" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

ராத்திரி ஒரு மணிக்குக் கடல் ஏறிவிட்டது. பொக்லைன் நின்ற இடத்தில் கேபின் மட்டும் வெளியே தெரிந்தது. டீசல் பீப்பாய்கள் மிதந்து போய்விட்டன. அதெல்லாம் போகட்டும். தகரக் கொட்டகைக்குள் எங்கள் வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். ஒடிசாக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கொட்டகையோடு சேர்த்து அவரையும் அலை இழுத்துக்கொண்டு போனது. நல்லகாலம், கல் குவியலில் சிக்கிக்கொண்டார். பாட்டாவின் மகன்கள் இரண்டு பேரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவரைத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தார். கால் முறிந்தது. இன்றைக்கும் அவர் நடை பழைய நடை இல்லை.

மறுநாள் அறிக்கை எழுதினேன். 'எதிர்பாராத கடல் சீற்றத்தால்' என்று ஆரம்பித்தேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். எச்சரிக்கை என் சட்டைப்பையில் இருந்த போனிலேயே இருந்தது. அந்த 'எதிர்பாராத' என்ற வார்த்தை இன்னமும் என்னை உறுத்துகிறது.

சரி, நான் எங்கே கோட்டைவிட்டேன்? இந்தக் கல்லூரியில் நமக்கு நடத்திய பாடத்தில்தான். ஆழ்கடலில் அலையின் நீளம், விநாடிக் கணக்கின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும். பரீட்சைக்கு எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். 7 விநாடி அலைக்கு நீளம் 76 மீட்டர். 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். உயரம் இரண்டுக்கும் அதே ஒன்றரை மீட்டராக இருக்கட்டும். முதலாவது கரைக்கு வந்து உடைந்து நுரைத்து அடங்கிவிடும். இரண்டாவது, பின்னால் அத்தனை தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். ஒரே சரிவுள்ள கரையில், ஒரே உயரமுள்ள அலை எவ்வளவு தூரம் மேலே ஏறும் என்பது கிட்டத்தட்ட விநாடிக் கணக்கோடு சேர்ந்தே கூடும். 7-க்கும் 16-க்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நான் மீட்டரைப் படித்தேன். படிக்க வேண்டியது விநாடியை. பாட்டா "நேரமெடுத்து வருது" என்று சொன்னாரே, அது வேறென்ன? ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் சொன்ன அதே 16 விநாடிதான்!

கேரளக் கரையில் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். திருடன் மாதிரி சொல்லாமல் வருகிற கடல். இந்தப் பெயரை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. நம்மூரில் காற்றும் இல்லாமல், மழையும் இல்லாமல் இது எங்கிருந்து வருகிறது? தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியிலிருந்து. நமக்கு இளவேனில் என்றால் அங்கே இலையுதிர் காலம், புயல்கள் வலுக்கும் பருவம். அங்கே கிளம்பிய 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நம் திருநெல்வேலி டவுன்பஸ் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பஸ் மாதிரி ஸ்டாப்பிங் கிடையாது. ராத்திரி பகலாக நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் வந்துவிடும். 6000 கிலோமீட்டர் கடந்து குமரிக் கரையைத் தொட ஐந்தரை நாள். ஜூனுக்குப் பிறகும் இப்படி அலை வரத்தான் செய்யும். ஆனால் அப்போது தென்மேற்குப் பருவக்காற்றில் கடலே கொந்தளிக்கும், எவனும் இறங்க மாட்டான். மார்ச் முதல் மே வரை கடல் சாதுவாகக் கிடப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இதே சித்திரை மாதத்தில் கோடை இடிமழை எந்த ஊரில் கொட்டும் என்று மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொல்வதே பெரும்பாடு. ஆனால் கள்ளக்கடல் கிளம்பிய இடம் தெரியும், வேகம் தெரியும், வரும் நாளைப் பல நாள் முன்பே சொல்லிவிடலாம். இன்காய்ஸ் இதற்கென்றே 2020-ல் ஒரு முன்னறிவிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. மழை பொய்த்தால் வானிலைக்காரர்களைக் கேலி செய்கிற நாம், பொய்க்காத இந்த முன்னறிவிப்பைப் படிப்பதே இல்லை.

தம்பி தங்கைகளே, இனி உங்களுக்கு. 2024 மே 6-ஆம் தேதி காலை, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்தவர்கள். ஏப்ரல் கடைசியில் வெகுதூரத் தென்கடலில் எழுந்த புயலின் அலைதான் மே 4-ஆம் தேதி வாக்கில் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பாடம் படித்த நானே, கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு கோட்டைவிட்டேனே.

ஏன் இப்படி ஆகிறது என்றால், இந்த அலை ஒரே சீராக வராது, கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை, பிறகு பல நிமிஷம் சும்மா கிடக்கும். நாம் போய் நிற்கும் நேரம் அந்தச் சும்மா நேரமாக இருந்தால், "அடடா, என்ன அமைதி" என்று முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுப்போம். அதனால் இறங்குமுன் ஒரு இருபது நிமிஷம் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் வரும்போது ஒன்று உடைந்து அடுத்தது உடைய எத்தனை விநாடி என்று வாட்சைப் பார்த்து எண்ணுங்கள். ஐந்து, ஆறு, ஏழு என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பதினாலு, பதினைந்து என்று இழுத்துக்கொண்டு போனால், அறிக்கையில் எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும் சரி, எழுந்து மேலே வந்து டீ குடியுங்கள்.

பெரிய அலையே வராவிட்டால் அதை நம்பி இறங்கவும் வேண்டாம். நேராகப் போய் அங்குள்ள மீனவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், என்னை மாதிரி "காத்தே இல்லையே" என்று பதில் சொல்லாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்கள் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் கன்னியாகுமரிக்கு டூர் போவதாக இப்போதுதான் ஒரு தம்பி சொன்னார். புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த ஹைதராபாத் அறிக்கையைப் பாருங்கள். புரியாவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் உள்ள முகவரிப் பட்டியலில் என் நம்பர் இருக்கிறது. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, எடுப்பேன்.