ஆங்கிலத் துணைவினைகளும் நம் பிள்ளைகளும்



வெள்ளி விழா மேடையில் இலக்கணம் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இலக்கணத்தின் ஒரு சிறு பகுதி நம் பிள்ளைகளின் கைவிரலையும் சம்பளத்தையும் காக்க வல்லது என்பதாலேயே அதனை எடுத்துக்கொண்டேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனமும் கூலி உழவுமாக இருந்த ஊர்களின் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்து ஆலை வாயில்களில் நிற்கின்றனர். அங்கே அவர்கள் காணும் ஆங்கிலம் பாடநூலின் செய்யுள் ஆங்கிலம் அன்று. எந்திரத்தின்மேல் ஒட்டிய சீட்டு, வேலைமுறைத் தாள், மேற்பார்வையாளரின் ஒருவரி ஆணை, பணி நியமனக் கடிதம் ஆகியவற்றின் ஆங்கிலம். அவற்றில் அடிக்கடி வருவது ஒரே அமைப்பு: முன்னே ஒரு துணைவினை, பின்னே ஒரு கூட்டுவினை.

துணைவினை என்பது கேன், மே, மஸ்ட், ஷுட், வில், ஷல் போன்றவை. கூட்டுவினை என்பது எளிய வினையோடு அப், ஆஃப், அவுட், ஆன், இன் போன்ற சிறு சொல் ஒன்று வாலாகச் சேர்ந்து புதுப்பொருள் தருவது. ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. அகராதியில் இரண்டு சொற்களையும் தனித்தனியே பார்த்தவனுக்கு இப்பொருள் கிட்டாது. ஆயினும் நம் பிள்ளைகள் மருளத் தேவையில்லை. கண்டு, பிடி என்று பிரித்துப் பார்த்தால் ‘கண்டுபிடி’ என்பதன் பொருள் கிடைக்குமா? ‘கைவிடு’ என்பதில் கை எங்கே இருக்கிறது? தாய்மொழியில் இவ்வித்தையை ஐந்து வயதிலேயே கற்றவர்கள் நாம். வகுப்பறையில் இது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்பதே என் மனக்குறை.

இரண்டையும் சேர்க்கும் முறை எளிது. துணைவினைக்குப் பின் வினை தன் இயல்பான வடிவில் நிற்கும். ‘டு’ வேண்டா, ‘இங்’ வேண்டா. ‘யூ மஸ்ட் டர்ன் ஆஃப் தி மெஷின்.’ எந்திரத்தை ‘இட்’ என்று சுட்டினால் அச்சுட்டு வினைக்கும் வாலுக்கும் நடுவே புகும்: ‘யூ மஸ்ட் டர்ன் இட் ஆஃப்.’ ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. அறிவிப்புப் பலகை செயப்பாட்டு வினையை விரும்பும்: ‘தி மெஷின் மஸ்ட் பி டர்ன்டு ஆஃப்.’ எப்படித் திருப்பினாலும் வாலை விட்டுவிடலாகாது.

மறுத்துச் சொல்லும்போதுதான் இடர் வருகிறது. ‘மஸ்ட்’ என்றால் வேண்டும் என்று மனப்பாடம் செய்த மாணவன், ‘மஸ்ட் நாட்’ என்றால் வேண்டாம் என்று கணக்குப் போடுகிறான். அது தவறு. ‘மஸ்ட் நாட்’ என்பது ‘கூடாது’. ‘நீட் நாட்’ என்பதே ‘வேண்டியதில்லை’. ‘யூ மஸ்ட் நாட் டேக் ஆஃப் தி கார்ட்’ என்பதைக் ‘காப்புத் தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை’ என்று படித்தவன், வசதிக்காகக் கழற்றினாலும் பாதகமில்லை என்றே கொள்வான். பிரஸ் எந்திரத்தின் முன் நிற்பவனுக்கு இவ்வேறுபாடு மதிப்பெண் பற்றியதன்று.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் பணிபுரிந்த ஆலையில் சிறு விபத்துக் குறித்து விசாரணை நடந்தது. ‘இரவு ஷிப்டுக்காரர் எந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்’ என்று அவர் தமிழில் சொன்னார். நிறுத்தியிருப்பார் எனத் தாம் எண்ணியதையே அவ்வாறு சொன்னார். ஆங்கிலத்தில் எழுதியவரோ ‘ஷுட் ஹாவ் டர்ன்டு ஆஃப்’ என்று எழுதினார். நிறுத்தும் கடமை இருந்தது, அவர் நிறுத்தவில்லை என்பது அதன் பொருள். உடன் பணிபுரிபவர்மீது குற்றம் சாட்டும் வாக்குமூலமாக அது ஆகிவிட்டது. ஊகத்திற்கு உரியது ‘மஸ்ட் ஹாவ் டர்ன்டு ஆஃப்’. தமிழில் ஒரே தொடர் இரு பொருளுக்கும் நிற்கிறது. ஆங்கிலம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. கையொப்பமிடுமுன் நம் மாணவர் அவ்வரியைக் காட்டித் திருத்தச் சொன்னார், திருத்தினார்கள்.

கடிதங்களில் ‘மே’ என்ற சொல்லைக் கண்டால் நிதானிக்க வேண்டும். பயிற்சி முடிவில் ‘யூ மே பி டேக்கன் ஆன்’ என்றிருந்தால், பணியில் சேர்க்கப்படலாம் என்றே பொருள்; சேர்க்கப்படுவீர் என்றன்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு இச்சொற்களை எடைபோட்டு அறிந்திருந்தது. அரசியலமைப்பின் 17ஆம் கூறு, தீண்டாமையை முன்னிட்டு ஒருவர்மீது தடை விதிப்பதைக் குற்றமென்று சொல்லுமிடத்தில் நிற்பது ‘ஷல்’. அவ்விடத்தில் ‘மே’ இருந்திருப்பின் நம் நிலை யாதாகியிருக்கும்!

‘லே ஆஃப்’ என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் இதற்கு வரையறை சேர்க்கப்பட்டது. மூலப்பொருள் பற்றாக்குறை, எந்திரப் பழுது போன்றவற்றால் தற்காலிகமாக வேலை தர இயலாமையே அங்கு அதன் பொருள். பணி உறவு அறுவதில்லை. தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாக வகுக்கப்பட்டது. செய்தித்தாளிலோ இதே சொல் வேலைநீக்கத்தைக் குறிக்கிறது. அறிவிப்பில் அச்சொல்லைக் கண்டவர், எப்பொருளில் சொல்லப்படுகிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்கச் செய்யும் வழக்கத்தை விடுங்கள். வேலைக்குச் செல்லும் அண்ணன்மாரும் அக்காமாரும் கையில் பெற்ற விண்ணப்பம், நியமனக் கடிதம் ஆகியவற்றைப் பெயரை மறைத்து வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் துணைவினையை வட்டமிட்டு, கூட்டுவினையின் கீழ்க் கோடிட்டு, ‘வேண்டுமா, கூடாதா, வேண்டியதில்லையா, ஆகலாமா’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முதல் வாரத்திற்கு ‘புட் ஆன்’, ‘டேக் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’, ‘ஃபில் இன்’, ‘ஹேண்ட் இன்’ ஆகிய ஐந்து போதும்.